கசகசாவும் ஓடிபியும்

“நாளைக்கி ஒரு ஆபத்து அவசரம்னா அந்தப் போனுக்குள்ள இருக்கவளுவளா மக்களே ஓடி வருவாளுவ?”

கேட்டவர் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா. கேட்ட இடம் திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டு முன்னறை. 2022 நவம்பர் 24, வியாழக்கிழமை, இரவு ஒன்பதரை. இரண்டு பெட்டிகள் வாயைத் திறந்து கிடந்தன. விடிவதற்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு ஷார்ஜா விமானம். நான் ஒரு கையில் கொக்கித் தராசும் மறுகையில் போனுமாக நின்றுகொண்டிருந்தேன். தராசைப் பற்றிச் சித்தப்பாவுக்கு ஆட்சேபம் இல்லை.

அன்றைக்குப் பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

சித்தப்பாவை மட்டும் குறைசொல்வதற்கில்லை. ஊரெல்லாம் இதே பேச்சுத்தான். பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைத்தால் இது ஒரு தலைப்பு. கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். முகநூலில் ஐயாயிரம் நண்பர்கள் வைத்திருந்தவர் செத்தபோது பாடை தூக்க நாலு பேர் வரவில்லை என்று ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு அது குறைந்தது பத்துத் தடவையாவது வந்திருக்கும். அத்தனை தடவையும் வாட்ஸாப்பில்தான் வந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பொழுதுபோக்குக்கு ஆவார்கள், நிஜமான கஷ்டம் வந்தால் பக்கத்து வீடும் சொந்தபந்தமும்தான் நிற்கும் என்பது இவர்கள் வாதம். இது தப்பு. ஆன்லைன் நட்பிலும் நல்லது கொஞ்சம் உண்டு என்று பாதிவழியில் சமாதானம் பேச நான் வரவில்லை. அந்த வாரம் எங்களுக்கு வேண்டியிருந்த உதவியைச் சொந்தபந்தத்தால் செய்திருக்கவே முடியாது. போனுக்குள் இருந்தவர்களால் முடிந்தது. முடிந்ததற்குக் காரணமும் இருக்கிறது.

கொரோனாவில் என் வீட்டுக்காரரின் வேலை போயிற்று. பிறகு பாதிச் சம்பளத்தில் ஓரிடத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஷார்ஜாவில் கணக்குப் பார்க்கும் வேலை ஒன்று கிடைத்தது. விசிட் விசாவில் வாருங்கள், வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள் என்று தைக்காட்டில் இருக்கும் நோர்க்கா ரூட்ஸ், வெளிநாட்டு மலையாளிகளுக்கான அரசு நிறுவனம், தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனோம். மூன்று மாத வாடகை பாக்கி நின்றால் நீங்களும் போவீர்கள்.

22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. உலகக் கோப்பையில் சவுதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று கவிழ்த்த நாள். தெருவுக்குத் தெரு மெஸ்ஸியும் நெய்மரும் ஃபிளெக்ஸில் நின்ற காலம் அது. எங்கள் டிக்கெட் ஏஜென்ட் அர்ஜென்டினா கட்சி. மாலை ஆறு மணிக்கு அவர் இழவு வீட்டுக் குரலில் கூப்பிட்டபோது ஆட்டத்தை நினைத்துத்தான் என்று எண்ணிக்கொண்டேன். “சேச்சீ, பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லல்லோ” என்றார்.

இல்லைதான். நமக்கு ஏது சர்நேம்? அப்பா பேரின் முதலெழுத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பிறந்து வளர்ந்து ரிட்டயராகிறவர்கள் நாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் முதல் கட்டத்தில் பேரை எழுதிவிட்டு அடுத்த கட்டத்தைச் சும்மா விட்ட எத்தனையோ பேரில் இவரும் ஒருவர். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் உள்ளே விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் முடிவெடுத்து, அது முந்தின நாள், நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருந்தது. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசாமி கடலாடப் போவதற்காக ரன்வேயை மூடி விமானங்களை நிறுத்திவைக்கும் ஊர் எங்களுடையது. விமானம் தாமதமாவது எங்களுக்குப் புதிதில்லை. பேர் போதவில்லை என்று ஆளை ஏற்ற மாட்டார்கள் என்பது புதிது.

சொந்தபந்தம் உடனே திரண்டது. அதை மறுக்க மாட்டேன். அத்தை பழவங்காடி கணபதிக்கு நூற்றொரு தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டார். மூத்த நாத்தனார் போன் செய்து, பாஸ்போர்ட் எடுத்தபோதே தான் சொன்னதாகச் சொன்னார். சித்தப்பா, பாஸ்போர்ட் ஆபீசில் தனக்கு வேண்டிய ஒருவர் இருப்பதாகச் சொல்லிப் புதன்கிழமை காலை பஸ் ஏறி வந்தார். விசாரித்ததில் அவர் ரிட்டயராகிப் பல வருடம் ஆகியிருந்தது. மாடி வீட்டுச் சேச்சி மூன்று நாளும் ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வைத்தார், ஒரு வார்த்தை கேட்காமல். அந்தக் கஞ்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் கஞ்சி குடித்துவிட்டு விமானம் ஏற முடியாது.

இனி அந்த ‘போனுக்குள் இருக்கிறவளுகள்’. 2020 ஊரடங்கில் மாடித்தோட்டம் போட்டபோது பழக்கமானவர்கள். விதை மாற்றிக்கொள்ள ஆரம்பித்து ஏழு பேராக நின்றோம். நான் ஆனைக்கொம்பன் வெண்டை விதையைப் பேப்பரில் மடித்துக் கவரில் போட்டு அனுப்புவேன். ஈரோட்டிலிருந்து கொத்தவரை வரும், பொள்ளாச்சியிலிருந்து சுரை வரும். மட்டக்களப்பு அக்காவுக்குத் தபாலில் விதை அனுப்ப வழியில்லை, அவருக்குப் படம் மட்டும். என் போனில் இன்றைக்கும் அவர்கள் பெயர் ‘விதை ஈரோடு’, ‘விதை ஷார்ஜா’ என்றுதான் இருக்கிறது. ஷார்ஜாக்காரி கடையநல்லூரில் பிறந்தவள். பால்கனியில் நாலு தொட்டி. அதிலே வெயிலுக்குத் தப்பிய ஒரே ஒரு கறிவேப்பிலை. அவள் வீட்டுக்காரர் வேலை செய்வது ஒரு டைப்பிங் சென்டரில். விசா, எமிரேட்ஸ் ஐடி விண்ணப்பங்களை அடித்துக் கொடுக்கும் கடைகளுக்கு அங்கே அதுதான் பெயர்.

புதன் ராத்திரி குழுவில் அழாத குறையாக எழுதினேன். ஷார்ஜாக்காரி கேட்டது ஒன்றே ஒன்று: “பாஸ்போர்ட்டு பின்பக்கத்தப் படம் எடுத்துப் போடு.” முன்பக்கத்தைத்தான் இரண்டு நாளாக நாங்களும் ஏஜென்டும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தோம். பின்பக்கத்தை ஒருவரும் திருப்பவில்லை. அங்கே அப்பா பேர் அச்சாகியிருந்தது. வியாழன் பொழுது சாய்வதற்குள் புது விளக்கம் வந்துவிட்டது: பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தால் போதும். அவள் அந்த அறிவிப்பில் எங்களுக்கு வேண்டிய வரியைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பினாள். கலரில் இரண்டு பிரதி எடு, ஒன்று கையில், ஒன்று பெட்டியில் இல்லாமல் சட்டைப்பையில் என்றாள். ஏன் சட்டைப்பை என்று அப்போது புரியவில்லை. செக்-இன் கவுண்டரில் இருந்த பையன் முதல் பிரதியை வாங்கிக்கொண்டு மேலதிகாரியைத் தேடி உள்ளே போய் இருபது நிமிடம் திரும்பாதபோது புரிந்தது.

சித்தப்பா கேள்வி கேட்டது இந்த அறிவிப்பு வந்த பிறகு. அதாவது, போனுக்குள் இருந்தவள் அதற்குள் ஒரு தடவை ஓடிவந்துவிட்டுப் போயிருந்தாள். அவருக்கு அது கண்ணில் படவில்லை. கால் இருந்தால்தானே ஓடிவருவதாகத் தெரியும்?

ஒன்பதரை மணிக்கு மேல் நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது.

அத்தை இரண்டு நாளாக வறுத்து இடித்த சாமான்கள் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. எலுமிச்சை ஊறுகாய், நேந்திரங்காய் சிப்ஸ், அச்சு முறுக்கு, கருவாட்டுப்பொடி. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மூன்றில், மூடிக்கு அடியில் துணி வைத்து இறுக்கி, கறிமசாலாப் பொடி. பெட்டி முப்பத்திரண்டு கிலோ காட்டியது. இரண்டு கிலோ குறைக்க எதை எடுப்பது என்று குழுவில் படம் போட்டேன். ஷார்ஜாவிலிருந்து எழுத்தாக வரவில்லை, குரலாக வந்தது. “அந்தப் பொடில கசகசா போட்டிருக்கா? போட்டிருந்தா எடுத்து வெளிய வை. இங்க கசகசா போதைமருந்து கணக்குலதான் வரும். ஏர்போர்ட்டுலயே உட்கார வச்சிருவாங்க.”

போட்டிருந்தது. குழம்பு திக்காக வேண்டுமே என்று அத்தை எப்போதும் வறுத்துச் சேர்ப்பது. சாலைக் கடைத்தெருவில் நூறு கிராம் வாங்கிவந்து கொடுத்தவர், வேறு யார், சித்தப்பாதான். ஆ. மாதவன் கதைகளில் வரும் அதே சாலைக் கடைத்தெரு. அங்கே கிடைக்காத பலசரக்கு உலகத்தில் இல்லை என்பது அவர் நம்பிக்கை. “தேங்காயோட வச்சு அரைக்கிற சாமான்ல என்ன போதை?” என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. கசகசா என்பது அபினிச் செடியின் விதை. நமக்கு அது குருமாவில் வரும் சாமான், அமீரகச் சட்டத்துக்குத் தடை செய்த பொருள். மூன்று பாட்டிலும் வெளியே வந்தன. அத்தை முகத்தைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனவர் ஒரு மணிநேரம் யாரோடும் பேசவில்லை. சித்தப்பா தராசை வாங்கிக் கொக்கியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அத்தைக்கு மகன் மேல் இருக்கும் பாசத்தை நான் அளக்கப்போவதில்லை, அதற்குத் தராசும் கிடையாது. அவ்வளவு பாசமும் சேர்ந்து அந்த மூன்று பாட்டிலை நிறைத்திருந்தது; அது அப்படியே போய் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கப் பிடிக்கவில்லை. அதைத் தடுத்தவள் என்னை ஒருநாளும் நேரில் பார்த்திராதவள். பதினாலு வருடமாக அந்த ஊரில் இருக்கிறாள், அதனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்வதற்கு ராத்திரி விழித்திருந்தாள். ஆபத்தில் உதவுவதற்கு இந்த இரண்டும் வேண்டும். ஒரே தெருவில் குடியிருக்க வேண்டும் என்று இல்லை.

அதற்குப் பிறகு ஈரோட்டுக்காரி வந்தாள். மணி பத்தே முக்கால். “ஏனுங்க, ஓடிபியெல்லாம் எந்த நம்பருக்குங்க வருது?”

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். அவள் வீட்டுக்காரர் மஸ்கட் போன புதிதில் பட்ட பாடு. கேஸ் சிலிண்டர் அவர் நம்பரில். கரண்ட் பில் அவர் நம்பரில். பேங்க், ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளை பள்ளிக்கூடத்துச் செயலி எல்லாம் அவர் நம்பரில். ஆள் போனதும் எல்லா ஓடிபியும் அவர் சட்டைப்பையோடு கடல் தாண்டிவிட்டது. நடுராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டும், பேங்க் ஒரு நம்பர் அனுப்புகிறது, அந்த நம்பர் மஸ்கட்டில் தூங்குகிறவர் போனுக்குப் போகிறது.

நான் எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது. ஒன்பது விஷயங்கள் அவருடைய நம்பரில் தொங்கிக்கொண்டிருந்தன. என் பேரில் இருந்தது நூலக அட்டை மட்டும். மூன்று நாளாக எங்கள் வீட்டுக்கு வந்துபோன பதினாறு பேரில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. அவர் அங்கே எங்கே தங்குவார், என்ன சாப்பிடுவார், வெயில் எப்படி என்று கேட்டார்கள். இங்கே நான் எப்படி சிலிண்டர் புக் செய்வேன் என்று கேட்டவள் ஈரோட்டில் இருந்தாள்.

சிம்மைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அங்கே போய் அவர் புதுசு வாங்கட்டும், வாட்ஸாப் பழைய நம்பரிலேயே ஓடும் என்றாள். அப்படியே செய்தோம். அலமாரியில் கிடந்த பட்டன் நோக்கியாவில் சிம்மைப் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தோம். இதில் ஒரு ஓட்டை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சாக்கையில் இன்டர்நேஷனல் டெர்மினல் வாசலில் அவரை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறேன், வீட்டிலிருந்து அத்தை கூப்பிடுகிறார்: “ஃப்ரிட்ஜ் மேல இருக்க போன் கத்துகு.” உள்ளே போனவர் எனக்குச் செய்தி அனுப்ப ஏர்போர்ட் வைஃபையைப் போட்டிருக்கிறார், அது ஓடிபி கேட்டிருக்கிறது, ஓடிபி கரமனைக்குப் போய்விட்டது. ஆறு இலக்கத்தையும் அத்தை எழுத்துக்கூட்டி எனக்கு வாசித்தார். அதை அவருக்குச் சொல்ல வழி இல்லை. குறைந்தபட்சம் உள்ளே போய்விட்டார் என்று தெரிந்தது.

அவர் ஷார்ஜாவில் இமிகிரேஷன் தாண்டிய செய்தியும் எனக்கு முதலில் அவரிடமிருந்து வரவில்லை. டைப்பிங் சென்டர்க்காரர் வேலைக்குப் போகும் வழியில் வாசலில் நின்றிருக்கிறார். படம் வந்தது. இவர் கண்ணெல்லாம் வீங்கி, பெட்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் யாரோ கொடுத்த டீ.

‘இது உன் ஒருத்தி கதை, இதை வைத்துப் பொதுவாகப் பேசாதே’ என்பார்கள். சரி. உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் கேரளத்தின் புலம்பெயர்வைக் கணக்கெடுக்கத் தொடங்கியது. அந்த வரிசையில் வந்த 2023 கணக்கில் வெளிநாட்டில் இருக்கும் மலையாளிகள் ஏறத்தாழ 22 லட்சம். ஒவ்வொருவருக்கும் ஒரு முன்னறை, ஒரு திறந்த பெட்டி, ஒரு சித்தப்பா இருந்திருப்பார்கள். கேரளம் வளைகுடாவுக்குப் போன வரலாறே முகந்தெரியாதவர்களின் தயவில் நடந்ததுதான். தபால் வந்துசேர வாரக்கணக்கான காலத்தில், விடுமுறைக்கு வருகிறவன் தன் அறையில் இருப்பவர்கள், பக்கத்து அறைக்காரர்கள் எல்லாருடைய கடிதத்தையும் துணியையும் சுமந்துவந்து, பார்த்தே இராத வீடுகளின் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவான். அவனை யாரும் போலி நண்பன் என்று சொல்லவில்லை. உட்காரவைத்துச் சோறு போட்டார்கள்.

போனில் இருப்பவன் தண்ணீரில் இறங்குவானா என்று கேட்பவர்களுக்கு 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தை நினைவுபடுத்துகிறேன். இறங்கியவர்கள் பூந்துறை, விழிஞ்ஞம் போன்ற கடற்கரைகளின் மீனவர்கள். படகை லாரியில் ஏற்றிச் செங்கன்னூருக்குப் போனார்கள். அந்தப் பெருமையில் ஒரு துளியைக்கூட நான் போனுக்குப் பிரித்துக் கொடுக்க மாட்டேன். ஆனால் முழுகிக் கிடந்த ஊரில் எந்தச் சந்தில் எந்த வீட்டு மொட்டைமாடியில் பிரசவ வலியோடு ஒருத்தி இருக்கிறாள் என்று பம்பைக்கரையை முன்பின் பார்த்திராத பூந்துறைக்காரருக்கு எப்படித் தெரியும்? கேரளாரெஸ்க்யூ தளத்தில் குவிந்த விவரங்களை ராப்பகலாகச் சரிபார்த்துப் போன் போட்டுக்கொண்டிருந்த இளவட்டங்கள் சொன்னார்கள். அவர்களில் வெளிநாட்டில் இருந்தவர்களும் உண்டு. இங்கே திருவனந்தபுரத்தில் அப்போது கலெக்டராக இருந்த நம்ம ஊர் கே. வாசுகி, சாமான் கட்ட வந்த பிள்ளைகள் நடுவில் நின்று அவர்களை உற்சாகப்படுத்திப் பேசிய வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் பிள்ளைகளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததும் தண்டோரா போட்டா? துடுப்பும் வேண்டும், முகவரியும் வேண்டும்.

ஆன்லைனில் ஏமாற்றுகிறார்களே என்பதும் உண்மைதான். எங்கள் குழுவிலேயே எட்டாவதாக ஒருத்தி இருந்தாள். என்னிடம் மூவாயிரம் ரூபாய் வாங்கினாள், போனாள். அதே வருடம் என் சொந்தத்தில் ஒருவர் என் சங்கிலியை வாங்கி அடகு வைத்தார். அது இன்னும் அடகுக்கடையில்தான் இருக்கிறது. அவர் எல்லாக் கல்யாணத்துக்கும் வருகிறார், முன்வரிசையில் உட்காருகிறார். வளைகுடா விசா மோசடிகளின் கதையைக் கேட்டுப் பாருங்கள்: ஊர்க்காரன், கூடப்படித்தவன், மச்சினனுக்கு மச்சினன் என்று ஆரம்பிப்பவை எத்தனை என்று. பென்யாமினின் ‘ஆடுஜீவிதம்’ நாயகன் பாலைவனத்துக்குப் போனது இன்டர்நெட்டில் வந்த விளம்பரத்தைப் பார்த்து இல்லை. ஏமாற்றுகிறவனுக்கு வேண்டியது நம்பிக்கை. அது சொந்தத்தில்தான் மலிவாகக் கிடைக்கும்.

இப்போது, பட்டிமன்றத்தில் சொல்லாமல் திண்ணையில் மட்டும் சொல்லப்படும் பகுதிக்கு வருகிறேன். சித்தப்பாவின் கேள்வியில் ‘இருக்கவளுவ’ என்று இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். என் வீட்டுக்காரர் போன பதினைந்தாம் நாள் தெருவில் பேச்சு மாறியது. புருஷன் அந்தப் பக்கம் போனான், இவள் போனும் கையுமாக மாடியில் நிற்கிறாள், ராத்திரி பதினொரு மணிக்கு வெளிச்சம் தெரிகிறது. தெரியும்தான். கத்தரிக்குப் பூச்சிமருந்தாக வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கும் நேரம் அது. பகலில் வேலைக்குப் போகிறேன். ஷார்ஜாவில் ஆறு பேரோடு ஒரே அறையில் இருக்கும் என் வீட்டுக்காரர் ராத்திரி யாரோடு சாட் செய்கிறார் என்று இந்தத் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டார்கள். ‘ஆன்லைன் நட்பு போலி’ என்று பொதுவாகச் சொல்லப்படும் வாக்கியம் என்னைப் போன்றவள் வாசலுக்கு வரும்போது ‘உன் போனைக் காட்டு’ என்று ஆகிவிடுகிறது.

இது புதிதும் இல்லை. லீலா குலாட்டி 1993இல் கேரளத்துப் பெண்களைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகத்தின் தலைப்பே ஆண்கள் இல்லாததைப் பற்றியது. எழுபதுகளில் எஸ்.ஏ. ஜமீலின் துபாய்க் கடிதப் பாட்டு மலபார் முழுக்கப் பாடப்பட்டது; வளைகுடாவில் இருக்கும் புருஷனுக்கு மனைவி எழுதும் கடிதமாக அமைந்த பாட்டு. அப்படி ஒருத்தி தன் ஏக்கத்தை எழுதினாள் என்பதே அன்றைக்குப் பெரிய பரபரப்பு. கடிதத்தைத் தபால்காரர் வாசித்துக் காட்டிய காலம், டேப்ரிக்கார்டர் கேசட்டில் பேசி அனுப்பிய காலம், பக்கத்து வீட்டு பி.பி. நம்பருக்குக் கால் வந்து அந்த வீட்டார் டிவியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்த காலம். அவள் பேசியது எப்போதும் இன்னொருவர் காது வழியாகத்தான் போயிற்று. முதல்தடவையாக நடுவில் ஆள் இல்லாமல் பேசுகிறாள். எரிச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் அனுமானம்.

மூன்று மாத வாடகை பாக்கி என்று மேலே எழுதினேனே, அது அத்தைக்கே இந்தக் கட்டுரையை வாசித்தால்தான் தெரியும். சித்தப்பாவிடம் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார். நல்ல மனிதர், மறுநாளே கொடுத்திருப்பார். அடுத்த பத்து வருடத்துக்கு என் மகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும், நான் எந்தக் கல்யாணத்துக்கு எந்தப் புடவை கட்ட வேண்டும் என்று பேசும் பாத்தியதையும் அதோடு அவருக்குப் போயிருக்கும். சொந்தத்தில் செய்யும் உதவி மொய் நோட்டில் ஏறும். பொள்ளாச்சிக்காரி எட்டாயிரம் ரூபாயை ஜிபேயில் போட்டுவிட்டு, சுரைக்கொடியில் ஆண்பூவாகவே பூக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டாள். பிப்ரவரியில் திருப்பிக் கொடுத்தபோது எவ்வளவு என்பது அவளுக்கு நினைவில்லை. தூரம் இருந்ததால்தான் அவளிடம் கேட்க முடிந்தது. தூரத்தைக் குறையாகச் சொல்கிறவர்கள், பக்கத்தில் இருப்பவர்களிடம் கடன் கேட்டுப் பார்க்காதவர்கள்.

பட்டிமன்றப் பேச்சாளர்கள் மேல் எனக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. காலை அமர்வில் நட்பு என்று தலைப்பு வந்தால் பிசிராந்தையாரை இழுப்பார்கள். பார்க்காமலே சோழனோடு நட்புக் கொண்டவர், வடக்கிருந்து உயிர்விட்ட இடம்வரை வந்தவர் என்று உருகுவார்கள். கைத்தட்டல் வாங்குவார்கள். மாலை அமர்வில் அதே வாய், முகம் பார்க்காத நட்பு நட்பா என்று கேட்கும். சங்க காலத்தில் வைஃபை இருந்திருந்தால் பிசிராந்தையாருக்கும் இவர்கள் பாடை தூக்க வருவாரா என்று ஃபார்வர்ட் அனுப்பியிருப்பார்கள்.

போன மாதம் ஈரோட்டுக்காரி குழுவில் எழுதினாள். அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டை முடித்துக்கொண்டு ஒரேயடியாகத் திரும்பிவருகிறார். ஒன்பது வருடம். சிலிண்டர், பேங்க், ரேஷன் கார்டு எல்லாம் அவள் நம்பரில் இருக்கின்றன. “அவரு வந்தா இதையெல்லாம் மறுபடி மாத்தச் சொல்வாருங்களா? நான் மாத்தோணுமாங்க?” என்று கேட்டாள். சற்றுநேரம் கழித்து, “வீட்டுக்குள்ள ஒரு ஆம்பள இருந்தா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுங்க” என்று இன்னொரு வரி.

மட்டக்களப்பு அக்கா எழுதிக்கொண்டிருப்பதாகப் போன் காட்டியது. வெகுநேரம் காட்டியது. கடைசியில் வந்தது, “யோசிச்சுப்போட்டுச் சொல்லுறன் பிள்ள” என்று ஒரே வரி. எங்களில் ஒருவரும் அந்த இடத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஷார்ஜாக்காரி கறிவேப்பிலைத் தொட்டியின் படத்தைப் போட்டாள். புதுக் கொழுந்து விட்டிருந்தது.